வேருக்கு எந்தக் கை?

ஆய்வகத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், கணினித் திரைக்கு முன்னால் இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், அக்கா ஏதோ பிரார்த்தனையில் இருக்கிறார் என்று அடிமேல் அடிவைத்து நடப்பார்கள். பிரார்த்தனை எல்லாம் இல்லை. பல மூலக்கூறுகள் நம் இரு கைகளைப் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் இருக்கும்; வரைந்தது அதில் வலக்கையா, இடக்கையா என்று ஒத்துப் பார்க்கிறார். வலக்கை உறைக்குள் இடக்கை நுழையாது அல்லவா, மருந்தும் அப்படித்தான்.

சீன மருத்துவத்தில் பயன்படும் வேர், பட்டை, பூ ஒவ்வொன்றிலும் உள்ள வேதிப்பொருள்களை ஆய்வுக்கட்டுரைகளில் தேடிப் படித்து, கணினித் தரவுத்தளத்தில் வரைந்து ஏற்றுவது அக்காவின் வேலை. நோயை உண்டாக்கும் புரதத்தின் குழிக்குள் கணினி அவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து வரிசைப்படுத்தும். மேலே வருபவை சோதனைக்கூடத்துக்குப் போகும். கட்டைவிரல் பருமனுள்ள ஒரு வேருக்குள் நூற்றுக்கணக்கில் பொருள்கள்! இத்தனை வருடமாகியும் அக்காவுக்கு வியப்பு அடங்கவில்லை. "மண்ணுக்குள்ள சும்மா கிடந்துக்கிட்டே இவ்வளவும் பண்ணியிருக்கு பாருங்க!" என்று தேநீர் கொண்டுவருகிறவரையும் இழுத்து நிறுத்திக் காட்டுவார். அவர் விட்டால் போதும் என்று ஓடுவார்.

போன வாரம் கைநடுக்க நோய்க்கான தேடலில், ஒரு வேரின் பொருள் முதலிடத்துக்கு வந்தது. அக்காவின் தம்பிக்கும் அதே நோய்தான். குழுத் தலைவர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கினார். வேரிலிருந்து அதைப் பிரித்தெடுக்க ஏற்பாடுகள் தொடங்கின. அக்கா தம்பிக்குப் போன் போட்டு, "மேல வந்திருக்குடா! நான் வரைஞ்சதுடா!" என்று கத்தியதில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

இனிப்பு வாயில் இருக்கும்போதே அந்தப் படத்தை ஆசையாகத் திறந்தார். கைகள் பழக்கத்தில் தாமாக உயர்ந்தன. அப்படியே நின்றன.

கட்டுரையில் இருந்தது வலக்கை, திரையில் இருந்தது இடக்கை. மூலக்கூறின் வால் கட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், ஒத்துப் பார்த்து முடித்த பிறகு, படத்தைப் பக்கவாட்டில் புரட்டிப் போட்டிருந்தார். புரட்டினால் படம் கெடாது. பொருள்தான் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். கணினி மெச்சியது அந்த வேரில் இல்லாத ஒன்றை.

வாயைத் திறக்காமல் இருந்தால் பல மாதங்களுக்கு யாருக்கும் தெரியாது. அக்கா நேராகத் தலைவரிடம் போனார்.

"சார், தப்பு என்னோடது. அழகா இருக்கட்டும்னு புரட்டிட்டேன்."

"நிச்சயமா தெரியுமா?"

"தெரியும் சார். இந்த வேர் கோடி கோடியா செஞ்சிருக்கு, ஒரு தடவைகூடக் கை மாத்தல. நான் ஒண்ணே ஒண்ணு வரைஞ்சேன், மாத்திட்டேன்."

அவமானத்தின் நடுவிலும் அந்தக் குரலில் வேரைப் பற்றிய பிரமிப்பு இருந்தது. திருத்தி மறுபடி ஓட்டினார்கள். மதியத்துக்குள் அது முதல் நூறுக்கும் கீழே போய்விட்டது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அக்காவுக்கு.

மாலையில் வீடு திரும்பியபோது தம்பி வாசலில் காத்திருந்தார். "என்னக்கா, என் மருந்து எந்த மட்டுல இருக்கு?"

"கீழ போயிடுச்சுடா. நான்தான் தப்பா வரைஞ்சுட்டேன்."

"சரி விடு. வேர் தீர்ந்தா போச்சு? வேற ஒண்ணு வரை," என்று தம்பி பையை வாங்க வலக்கையை நீட்டினார். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

அக்கா பையைக் கொடுக்கவில்லை. தன் வலக்கையை அந்தக் கைக்குள் வைத்து, நடுக்கம் அடங்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.