மேசையில் இல்லாத புத்தகங்கள்

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் கல்லூரி முதல்வர், நூலகர் அம்மா, தரக்குழு ஒருங்கிணைப்பாளர், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், மாணவர் பிரதிநிதி என்று பெயருக்கு அழைத்து வரப்பட்டுக் கடைசிவரை போனையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன், அறிக்கையைத் திரையில் காட்டுவதற்காக நான். இல்லாதவர்கள், மாலை ஐந்து மணிக்கு மேல் நூலகத்துக்கு வந்து படிக்கிறவர்கள். கூட்டம் பிற்பகல் இரண்டரைக்கு. அந்த நேரத்தில் அவர்கள் மேல்மாடி வகுப்பில் இருந்தார்கள். கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஆவடிப் பக்கத்தில் உள்ள அந்தக் கல்லூரியில்தான் நானும் படித்தேன். பிறகு நூலக அறிவியல் முடித்துவிட்டு, அங்கேயே ஒப்பந்த உதவியாளனாகச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா குத்தம்பாக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். வயலெல்லாம் மனையானதும் சென்னீர்குப்பத்தில் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கப் போனார். ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை என்பதை மேஸ்திரி சொல்வதுதான் கணக்கு. எப்போதும் நாலைந்து குறைத்தே சொல்வான். “எனுக்கு எண்ணத் தெரியும்டா, எழுதத்தான் தெரியாது” என்பார் அப்பா. சரியாக எண்ணி எழுதி வைத்துவிட்டால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்ற நம்பிக்கை எனக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அந்த வருடம் கல்லூரியின் தரத்தைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. நூலகம் யாருக்கு எவ்வளவு பயன்படுகிறது என்று எண்களில் காட்டச் சொன்னார்கள். அதிலும் முக்கியமாக, ஐந்திலிருந்து எட்டு மணி வரை திறந்து வைக்கிறோமே, அந்த மூன்று மணி நேரத்துக்கு என்ன பலன் என்ற கேள்வி. பொறுப்பு என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டேன்.

வாசலில் அடையாள அட்டையைக் காட்டினால் கருவி ஒரு சத்தம் கொடுத்து ஆளைப் பதிந்துகொள்ளும். அதன்படி மாலையில் தினமும் முப்பது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போன புத்தகம் ஏறக்குறைய எதுவுமில்லை. போட்டித் தேர்வுப் புத்தகங்களும் அகராதிகளும் அங்கேயே உட்கார்ந்து படிப்பதற்கானவை, வெளியே கொடுப்பதில்லை. அப்படி உள்ளே படிக்கப்படுவதை எண்ண எங்கள் துறையில் ஒரு வழி உண்டு. ‘படித்த புத்தகத்தை அடுக்கில் வைக்காதீர்கள், மேசையிலேயே விட்டுச் செல்லுங்கள்’ என்று பலகை வைத்துவிட வேண்டும். மேசைகளில் கிடக்கும் புத்தகங்களை எண்ணினால் அதுதான் உபயோகம். பலகையை நானே எழுதினேன். என் வேலை நேரம் எட்டிலிருந்து ஐந்து. அதனால் தினமும் காலையில் கதவைத் திறந்ததும், முந்தைய மாலை மேசைகளில் விட்டுப்போனதை எண்ணிக் குறித்துக்கொள்வேன். இரண்டு வாரம் எண்ணினேன். ஒரு நாள் மூன்று. ஒரு நாள் ஐந்து. பல நாள் ஒன்றுமேயில்லை.

மாலை நேரத்தைப் பார்த்துக்கொண்ட அட்டெண்டர் அக்கா மதியம் வேலைக்கு வருவார். என் குறிப்பேட்டை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னா நைனா, தெனம் முட்டையா போட்டுகினு கீறே? பக்கத்துல ஒரு ஒண்ணு போடு, பத்தாயிடும். யார் வந்து பாக்கப் போறா?”

“அப்படியெல்லாம் போட முடியாதுக்கா. இருக்கிறதைத்தான் எழுதணும்.”

“சரிப்பா, அரிச்சந்திரன் நீ. ஆனா ஒண்ணு, சாய்ந்தரம் வர்ற பொண்ணுங்க ரொம்ப நல்லதுங்க. எனுக்கு ஒரு வேலை வெக்கறதில்ல.”

அதற்கு, அந்தப் பெண்கள் புத்தகமே எடுப்பதில்லை என்று நான் அர்த்தம் செய்துகொண்டேன். ஒரே ஒரு மாலை ஆறு மணி வரை தங்கிப் பார்த்திருக்கலாம். ஐந்தேகால் பேருந்தை விட்டால் அடுத்ததில் நிற்கக்கூட இடமிருக்காது. தங்கவில்லை.

கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் திரையைப் பார்த்தார். “முப்பது பேர் வர்றாங்க, மூணு புத்தகம் எடுக்கறாங்க. மிச்ச பேர் ஃபேனுக்கும் வைஃபைக்கும் வர்றாங்க, அவ்ளோதான்” என்றார்.

நூலகர் அம்மா கருத்துப் படிவங்களை நினைவுபடுத்தினார். மாலையில் வருகிறவர்கள் எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார்கள்.

“எல்லாத்துக்கும் அஞ்சு போட்டா, கேள்வியைப் படிக்காம போட்டதுனு அர்த்தம் மேடம். அதைத் தள்ளிடுங்க.”

முதல்வர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, இந்த நம்பரை நம்பலாமா?”

“நம்பலாம் சார். நானே எண்ணினேன்.”

அவ்வளவுதான். மூன்று மணி நேர மின்சாரம், அக்காவின் கூடுதல் நேரப்படி, ஒரு காவலாளி, எல்லாம் மிச்சம் என்று கணக்குப் பிரிவுக்காரர் எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் முதல் நூலகம் ஐந்து மணிக்கே மூடப்படும் என்ற அறிவிப்பைக் கதவில் ஒட்டியதும் நான்தான்.

ஒட்டிய அன்று, வகுப்பு முடிந்து இரண்டு பெண்கள் வந்து அதன்முன் நின்றார்கள். மூன்றாம் ஆண்டு வணிகவியல். இரண்டு பேருமே அண்ணனூர், ரயில் ஷெட்டுக்குப் பின்னால் ஒரே தெரு. ஒருத்தி உயரம், பேசுகிறவள். இன்னொருத்தி அவள் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பவள். ஒருத்தியில்லாமல் இன்னொருத்தியை மாலையில் வீட்டில் வெளியே விடமாட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

“ஏண்ணா மூட்றாங்க? குரூப் ஃபோருக்கு இன்னும் நாலு மாசந்தான் கீது” என்றாள் உயரமானவள்.

“யாரும் புத்தகம் எடுக்கறதில்லைனு தெரியவந்துச்சும்மா.”

“யாரும்னா? நாங்க டெய்லி படிக்கிறோமே. எங்க ஊடு ஒரே ரூம்ணா. அப்பா நைட் ஷிஃப்ட்டு, சாய்ந்தரந்தான் தூங்குவாரு. லைட்டே போட முடியாது. இங்க வந்துதான ஒரு புக்க முழுசா முடிச்சேன்.”

“அப்போ ஏன் மேசைல ஒண்ணுமே இல்லை? விட்டுட்டுப் போங்கனு பலகை வெச்சிருந்தேனே.”

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். “அது கண்ட எடத்துல சொருகிட்டுப் போறவங்களுக்குனு நெனச்சோம். நாங்க புக்கு முதுகுல ஒட்டுன நம்பரப் பாத்து கரெக்டா அதே எடத்துல வெச்சிடுவோம்ணா. அந்த அக்காவுக்கு முட்டி வலி. சாப்ட்ட தட்ட யாரோ எடுப்பாங்கனு உட்டுட்டு எழுந்து போவாங்களா?”

பையைப் பிடித்திருந்தவள் முதல்முறையாக வாயைத் திறந்தாள். “எல்லாரையும் அப்படித்தாண்ணா வெக்கச் சொன்னோம்.”

 அதே அறையில் மூன்று வருடம் நானும் அப்படித்தான் செய்தேன். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் அடுத்த முறை உள்ளே விடமாட்டார்களோ என்று பயந்து, இரண்டு முறை சரிபார்த்து வைத்துவிட்டுத்தான் வெளியே வருவேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைத் தவிர அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்குமே தெரிந்திருக்க முடியாது.

மறுநாள் நூலகர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நான் சொன்னதை முழுதும் கேட்டார்.

“அறிக்கையை அனுப்பியாச்சுப்பா. இப்போ தப்புனு சொன்னா, மொத்த அறிக்கையுமே தப்புனு ஆகும். உன் வேலையும் ஒப்பந்தம். அடுத்த வருஷம் திரும்ப எண்ணலாம்.”

“அடுத்த வருஷம் அவங்க இங்க இருக்க மாட்டாங்க மேடம்.”

“வேற யாராவது இருப்பாங்க.”

 முதல்வர் அறை வாசல் வரை ஒரு நாள் போனேன். உள்ளே ஆள் இருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். ஆள் இல்லாத இன்னொரு நாளில் நான் போகவில்லை.

ஆவடி பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடியில், காசு வாங்கிக்கொண்டு படிக்க நாற்காலி கொடுக்கும் இடம் ஒன்று இருந்தது. விவரம் கேட்டுத்தரச் சொன்னார்கள் என்று அவர்களுடன் நானும் போனேன். இரண்டு பேரும் ஒரே நாற்காலியை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாமா என்று உயரமானவள் கேட்டாள்.

“இன்னாமா, ஷேர் ஆட்டோவா இது?” என்றார் நடத்துகிறவர். பிறகு அவருக்கே ஒருமாதிரி ஆகியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, “பொண்ணுங்களுக்குத் தனி எடம் கீதுமா, பயமில்ல” என்றார்.

சேர்ந்தார்கள். மூன்றாவது வாரம், படிக்கட்டில் நின்று சிகரெட் பிடிக்கிறவர்களைப் பற்றி யாரோ தெருவில் சொல்ல, அமைதியானவளின் அம்மா போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அவள் நின்றதும் மற்றவளையும் தனியாக அனுப்பவில்லை. தேர்வு எழுதினார்கள். இருவரின் தேர்வு எண்களும் தேர்ச்சிப் பட்டியலில் வரவில்லை.

கல்லூரியிலிருந்து சான்றிதழ் வாங்கிப் போகும் முன், பாக்கி இல்லை என்ற சீட்டில் நூலகக் கையெழுத்து வாங்க வந்தபோதுதான் இதையெல்லாம் சொன்னார்கள். உயரமானவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் பேசி வைத்திருந்தாள். “அடுத்த தபா பாத்துக்கலாம்ணா” என்றாள், என்னைத் தேற்றுகிற மாதிரி. மருந்துக்கடை மாடிக்காரர் பணம் ஏதாவது திருப்பித் தந்தாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். ஆளுக்கு முன்பணம் ஐந்நூறு, ஒரு மாதக் கட்டணம் தொள்ளாயிரம். இருவருக்கும் சேர்த்து இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்.