அக்காளிடம் மறைத்த ஆபரேஷன்

ஐம்பதுகளின் நடுவில் நான் செங்கல்பட்டில் குமாஸ்தாவாக இருந்தேன். கணவரை இழந்த என் அக்காள் மகாபலிபுரத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஒருநாள் பஸ் பிடித்து வந்து, மார்பில் ஒரு கட்டி இருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வலியே இல்லையாம்.

செங்கல்பட்டிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்தார். புற்றுநோய்.

"கட்டியை மட்டும் எடுத்தா போதாது. ஓரத்துல கொஞ்சம் தங்கினாலும் திரும்ப வந்துடும். அந்தப் பக்கத்து மார்பு, சுத்தி இருக்கிற நல்ல சதை, அக்குள்ல இருக்கிற நெறிகட்டி எல்லாத்தையும் சேர்த்து எடுக்கணும். அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"நானே சொல்லிடறேம்மா" என்றேன்.

சொல்லவில்லை. கேட்டால் பயந்து ஊருக்கே திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். "சின்னக் கட்டி, எடுத்துட்டா சரியாப் போயிடும்" என்று அவளிடம் சொன்னேன். எல்லாம் சொல்லியாயிற்று என்று டாக்டரிடம் சொன்னேன். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்ற காகிதத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் அக்காள் மார்பில் சுற்றியிருந்த துணிக்கட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். தட்டையாக இருந்த இடத்தில் கை நின்றுவிட்டது.

"இன்னாடா இது? கட்டி மட்டும்னுதானே சொன்னே?"

அதன்பின் மூன்று நாள் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கொண்டுபோன கஞ்சியை நர்ஸ் கொடுத்தால்தான் குடித்தாள்.

நான்காம் நாள், அக்காளிடம் நான் எதையும் சொல்லவில்லை என்பது நர்ஸ் மூலம் டாக்டரம்மாவுக்குத் தெரிந்தது. என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தாளில் பென்சிலால் படம் போட்டு, எதை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அக்காள் அழவே இல்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "கையைத் தூக்கி போர்டுல எழுத முடியுமா?" என்றாள்.

"மொதல்ல வலிக்கும். தெனம் சுவத்துல விரலைக் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்திப் பழகுங்க."

அவர் போனபிறகு அக்காள் என் பக்கம் திரும்பினாள். "முன்னாடியே சொல்லியிருந்தா வூட்லயே அழுது முடிச்சுட்டு வந்து படுத்திருப்பேனேடா. நானே கையெழுத்தும் போட்டிருப்பேன்" என்றாள்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வகுப்புக்குப் போய்விட்டாள். நோய் திரும்பவில்லை. அதற்குப்பின் பல ஆண்டுகள் நல்லபடியாக வாழ்ந்தாள், என்னிடம் பழையபடியே பிரியமாகவும் இருந்தாள். ஆனாலும் அவள் உடம்பைப் பற்றி அவளைத் தவிர மற்றவர்களிடம் பேசி முடிவெடுத்தவன் நான் என்ற நினைப்பு, அவள் மன்னித்த பிறகும் என்னை விட்டுப் போகவில்லை.