அம்மனின் பெட்டியும் வருமானச் சான்றும்

ஓய்வூதியம் பெறும் எனக்கு அரசாங்கம் ஆண்டுக்கு ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறது: உயிரோடு இருக்கிறாயா? கோந்த்வாவில் என் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடியே கைப்பேசிக்கு முகத்தைக் காட்டி அதற்கு விடை சொல்லிவிடுகிறேன். என் சமையலறையை எவரும் எட்டிப் பார்த்ததில்லை. அதே நகரின் ஏரவாடாவில் பூக்கட்டிப் பிழைக்கும் ஒரு கைம்பெண்ணுக்கு அதே அரசாங்கம் வேறு கேள்வி வைத்திருக்கிறது. நீ போதிய அளவு ஏழையா என்று அது கேட்கிறது. விடையைத் தலாட்டி எனப்படும் வருவாய்த்துறைக் கணக்கர் நேரில் வந்து மோந்து பார்த்துப் போகிறார்.

அந்தக் கைம்பெண் வாழும் தெருவின் வேப்பமரத்தடி அம்மன் முன் வெள்ளிக்கிழமைதோறும் பதிகம் பாடப் போகிறவன் நான். அந்த அம்மா பாட்டு முடியும்வரை ஓரமாக அமர்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருப்பார். கணவர் ஆகுர்டி ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து காலமானவர். அதன்பின் மாதந்தோறும் வந்த அரசு உதவித்தொகையில்தான் அறையின் வாடகை நடந்தது. அது தொடர வேண்டுமானால் வருமானச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த வரம்பை வகுத்த மேதை இந்நகரில் ஒரு வேளைக்கேனும் காய்கறி வாங்கியிருக்க மாட்டான்.

இம்முறை வீட்டுச் சோதனை உண்டு என்று தெரிந்ததும், படிவம் நிரப்பித் தரும் தரகன் ஒருவன் அவருக்கு உபதேசம் செய்தான். கண்ணில் படும்படி பொருள் எதுவும் இருக்கக் கூடாதாம். அவரும் மிக்ஸி, மேசை விசிறி, யாரோ கழித்துக் கொடுத்த டிவி என எல்லாவற்றையும் எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்தார். வைக்காமல் விட்டது அம்மனின் பெட்டி ஒன்றைத்தான்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரத்தடிக் கோயிலுக்குக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை. ஆடித் திருவிழா முடிந்ததும் தெருவாரின் பெயர்களைச் சீட்டில் எழுதி, பூவோடு மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். யார் பெயர் வருகிறதோ அவர் வீட்டில்தான் அடுத்த ஆடிவரை அம்மனின் வெள்ளி முகமும் பட்டுப்புடவைகளும் இருக்கும். இவ்வாண்டு பூ அந்த அம்மாவுக்கு விழுந்தது. சோதனைக்கு வந்தவர் கண்டது, திருவிழா ஈரம் போகக் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த பட்டுகளையும், அரிசி டப்பாவின்மேல் மஞ்சள் பூசி வைத்திருந்த வெள்ளி முகத்தையும்தான். தேவியுடையவை என்று அந்த அம்மா சொன்னதைக் கேட்டு அந்த மனிதர் சிரித்தாராம். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டும் போனாராம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

"என் சாமானையெல்லாம் எதிரூட்ல ஒளிச்சு வெச்சேன்யா," என்றார் என்னிடம். "இது என்னுது இல்லியே, இத எதுக்கு ஒளிக்கணும்னு உட்டுட்டேன்."

ஓடேந்திப் பலி திரிந்த பெருமானைப் பாடியே நரைத்தவன் நான். அவன் இந்த வருவாய்த்துறை அலுவலகத்துக்கு விண்ணப்பித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று அன்று எண்ணிப் பார்த்தேன். சடையிலுள்ள பிறையை வெள்ளி என்று எழுதியிருப்பார்கள். எருதைக் கால்நடைச் சொத்தில் சேர்த்திருப்பார்கள். குபேரன் தோழன் என்பது தெரிந்ததும் கோப்பை மூடியிருப்பார்கள்.

அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு அந்த அலுவலகம் போனேன். பாதுகாப்புத் துறையில் கணக்கு எழுதியே காலம் கழித்தவன் என்பதால், எழுத்தர்களின் ஆணவம் எனக்குப் புதிதன்று. எனினும் அங்கே கண்டது அதன் கொழுத்த வடிவம். வாயில் குட்காவை அதக்கியபடி ஒருவர் என்னிடம், பொருள்கள் கோயிலுடையவை என்றால் பதிவுபெற்ற அறக்கட்டளையின் சான்று கொண்டுவரச் சொன்னார். அந்த அம்மாவை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

கோயில் பொறுப்பாளரிடம் போனோம். கட்டட ஒப்பந்தக்காரர், திருவிழாவில் தமக்குத் தாமே பரிவட்டம் கட்டிக்கொள்பவர். கோயில் பதிவாகவில்லை என்றார். கடிதம் கொடுத்தால் நடைபாதை ஆக்கிரமிப்பு என்று மாநகராட்சி வந்து நிற்கும் என்றார். ஒரு பெண்ணின் வாடகையைவிட மரத்தடி மேடை பெரிது என்பதை இவ்வளவு பக்தியோடு சொல்ல அவரால்தான் முடியும். மறுசோதனைக்கு எழுதிப் போடுமாறும், அது நடக்கும் ஒரு நாள் மட்டும் பெட்டியை அப்புறப்படுத்துமாறும் வழியும் காட்டினார்.

நான் என் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொன்னேன். அந்த அம்மா ஒப்பவில்லை.

"பூ எனக்குல்ல விழுந்துது. தெருவத் தாண்டி அனுப்பிச்சா, ஆத்தாள வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

வாடகை பாக்கி நின்றால் அவரே தெருவைத் தாண்ட வேண்டியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: பெட்டி தெருவைத் தாண்டக் கூடாது, வீட்டிலும் இருக்கக் கூடாது.

ஆகவே மறுசோதனை நாளன்று, தெருமுனையில் நிறுத்திய ரிக்‌ஷாவுக்குள் அம்மனின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் அமர்ந்திருந்தேன். விவரம் அறியாத ஓட்டுநர் பெட்டிக்குள் என்ன என்று இந்தியில் கேட்டார். வருமானம் என்றேன்.

அதிகாரி வந்தார். வெற்றுச் சுவர்களைக் கண்டு நிறைவடைந்தார். வறுமை அவர் விரும்பிய வடிவில் அமைந்திருந்தது. திரும்பும் வழியில் வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்மூடி நின்றார். வெறும் கல்லாக இருந்த அம்மனைப் பார்த்து, தேவிக்கு ஒரு நகைகூட இல்லையா என்று அங்கிருந்த பெண்களிடம் வருத்தத்தோடு கேட்டு, உண்டியலில் ஒரு நோட்டும் போட்டார். அம்மனின் நிலையை எழுதிக்கொள்ள அவர் கையேட்டைத் திறக்கவில்லை.

அவருடைய பைக் திருப்பத்தில் மறையும்வரை அந்த அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். பிறகு ரிக்‌ஷாவருகே வந்து, என்னைப் பாராமல், பெட்டியின் மூடியைச் சற்றே தூக்கி உள்ளே பேசினார்.

"அந்தாளு போயிட்டாரு ஆத்தா. எறங்கு, ஊட்டுக்குப் போலாம்."