திருவாலங்காடு போகாத அம்மா

எங்கள் வீட்டில் அம்மாவை நம்பாதவள் நான் ஒருத்திதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. சந்தேகப்படுவதைத் தவிர வேறு வேலை இல்லாத வயது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் அம்மாவுக்கு பேக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றபடி பெட்டி தூக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் தோளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள். இரண்டு தோளிலும் கயிற்றால் இறுக்கியதுபோல் சிவந்த தடம் இருக்கும். கேட்டால், வேலை அப்படி என்பாள். பெட்டியைக் கையால்தானே தூக்குகிறாள், தோளில் எப்படித் தடம் வரும்? நான் அதை நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்திலிருந்து சித்தி இஞ்ச் டேப்போடு வந்தாள். இருவரும் அறைக்குள் போய்த் தாழிட்டார்கள். வீட்டில் யாரும் துணி தைக்கக் கொடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கதவில் காதை வைத்தேன்.

"முப்பத்தெட்டு வருதுக்கா. இத்தினி வருசமா முப்பத்திநாலுன்னு யாரு சொன்னது?" என்றாள் சித்தி.

"கல்யாணத்துக்கு வாங்கிக் குடுத்ததுல அதான் போட்டிருந்திச்சி. கடைல ஆம்பள நிக்கிறான். அதே நம்பர சொல்லி வாங்கிகினு ஓடியாந்துருவேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதனாலேயே சந்தேகம் பலமானது.

அடுத்த வாரம், திருவாலங்காடு கோயிலுக்குப் போவதாக நைனாவிடம் சொல்லிவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சாயங்காலம் அம்மா தனியாகத் திரும்பினாள். நெற்றியில் விபூதி இல்லை, கையில் பிரசாதம் இல்லை. வந்ததும் வராததுமாகப் பையை பீரோவுக்குப் பின்னால் செருகினாள்.

நேரே நைனாவிடம் போனேன். "நைனா, அம்மா கோயிலுக்குப் போவல. இன்னாத்தியோ ஒளிச்சி வெச்சிருக்குது."

அவர் முகம் மாறிய வேகத்தைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. பையை இழுத்துத் தரையில் கொட்டினார். அட்டை தொங்கும் இரண்டு புது பிராக்கள் விழுந்தன. கொடியில் துண்டுக்கு அடியில் மறைத்து அம்மா காயப்போடுவாளே, அதேதான்.

"இதுக்கா பொய் சொன்ன?"

அம்மா குனிந்து அவற்றை எடுத்து மடித்தாள். "திருவள்ளூர்ல ஒரு கடைல பொம்பளைங்களே விக்கிறாங்கன்னு கம்பெனில சொன்னாங்க. போட்டுகினு கைய தூக்கிப் பாத்தேன், மேல ஏறல. தோள அறுக்கல. இத்த வாங்கப் போறேன்னு எப்பிடி சொல்லிகினு போறது?" பிறகு நைனாவை நிமிர்ந்து பார்த்தாள். "பையில வேற இன்னா இருக்கும்னு நெனச்ச?"

நைனா சட்டையை மாட்டிக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமலே வெளியே போனார்.

அம்மாவுக்குத் திட்டு விழும் என்று காத்திருந்த எனக்குப் பெரிய ஏமாற்றம். பொய் சொன்னது அம்மா, கண்டுபிடித்தது நான். இதில் நைனா ஏன் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும் என்று அன்றைக்கு எனக்குப் புரியவே இல்லை.