சாக்கிட் ஹாத்தி: நெஞ்சில் கருவியோடு தேக்காவிலிருந்து கேலாங் சிராய் வரை

வெளியூர் எங்கும் இப்போதைக்குப் போக வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், இந்த முறை பயணம் என் சொந்த ஊருக்குள்ளேயே. செங்காங்கில் என் வீட்டிலிருந்து லிட்டில் இந்தியா, அங்கிருந்து காத்தோங். எல்லாம் சேர்த்தாலும் இருபது கிலோமீட்டர் வராது. போன வருஷம் யாராவது இதைப் பயணம் என்று எழுதியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

நாலு மாதமாக இந்த வலைப்பூவில் எதுவும் எழுதாததற்குக் காரணம் சொல்ல வேண்டும். என் இதயத் தசை தளர்ந்துவிட்டது. ஒவ்வொரு துடிப்பிலும் அறையில் உள்ள ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியேற வேண்டும். எனக்கு இருபத்தெட்டு சதவீதம்தான் வெளியேறுகிறது. துடிப்பு திடீரென்று தறிகெட்டால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்வதற்காக, இடது காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்தால் எப்படி இருக்கும் என்று நர்ஸைக் கேட்டேன். "யாரோ ஓங்கி உதைக்கிற மாதிரி இருக்கும், ஆனா அதுதான் உங்களைக் காப்பாத்துது" என்றார். முதல் பாதி மட்டும் மனதில் தங்கிவிட்டது.

ஆறு வாரம் வீட்டை விட்டுத் தனியாக இறங்கவில்லை. குளிக்கப் போனாலும் கதவைத் தாழிடுவதில்லை. நெஞ்சில் சின்னதாக ஒரு படபடப்பு வந்தாலும் இதோ உதைக்கப் போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். 'பாசிட்டிவா இருங்க' என்று சொல்கிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்காது. மருத்துவமனையில் நோயாளிகள் கூடிப் பேசும் குழுவுக்கு அழைத்தார்கள், அதற்கும் போகவில்லை. எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். ஒரு நாள் தனியாகக் கிளம்பி, தனியாக முடித்துத் திரும்ப வேண்டும். முடிந்தால் பழையபடி ஊர் சுற்றலாம். முடியாவிட்டால் இந்த வலைப்பூவை மூடிவிடலாம். கணவர் சேகரிடம் 'கூட வர வேண்டாம்' என்று மட்டும் சொன்னேன். சரி என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை நெரிசல் ஓய்ந்த பிறகு ஒன்பதரைக்குக் கிளம்பினேன். செங்காங்கிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு வடகிழக்குப் பாதையில் நேர் ரயில். மாற வேண்டியதில்லை, இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், கட்டணம் இரண்டு வெள்ளிக்குள். உட்கார இடம் கிடைத்தது. ஹவ்காங் வருவதற்குள் கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பை நாலு முறை பார்த்திருப்பேன். எதிரே ஒருவர் தலை சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய இதயத்தைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை என்பதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

C வாயிலில் ஏறினால் தேக்கா சந்தை பக்கத்திலேயே. என்னைப் போன்றவர்களுக்கு உப்பும் அளவு, தண்ணீரும் அளவு. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர், காபி, சாம்பார் எல்லாம் அந்தக் கணக்கில்தான். உணவங்காடியில் வெறும் தோசை கேட்டேன்.

"சட்னி, சாம்பார் ஒண்ணும் வேணாமா? என்ன அக்கா, டயட்டா?"

"ஆமா."

"இருக்கிற உடம்பையும் எங்க குறைக்கப் போறீங்க? சாப்பிடுங்க லா!"

கடைக்காரப் பெண் சிரித்தார், நானும் சிரித்து வைத்தேன். டயட் என்று சொல்வது எவ்வளவு வசதி.

செராங்கூன் சாலையில் துணிக்கடை ஒன்றின் வாசலில் திருட்டைக் கண்டுபிடிக்கும் கம்பங்கள் நின்றன. கருவி உள்ளவர்கள் அவற்றின் நடுவே சாதாரணமாக நடந்து போகலாம், பக்கத்தில் நின்றுகொண்டோ சாய்ந்துகொண்டோ இருக்கக் கூடாது. இதையெல்லாம் முன்பே படித்திருந்தும் எனக்கு 'சாதாரணமாக' என்பது வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஓடிக் கடந்தேன். காவலாளி என் கைப்பையையே பார்த்தார். வாங்க நினைத்த துண்டை வாங்காமல் அதே வேகத்தில் வெளியே வந்தேன். இந்த முறை அவர் எழுந்தே நின்றார்.

காத்தோங்கில் சிலோன் ரோடு விநாயகர் கோவிலில் பயணத்தை முடிப்பது திட்டம். எனக்குப் பெரிய பக்தி கிடையாது. அந்தக் கோபுரம் பிடிக்கும், உள்ளே உட்கார இடம் இருக்கும், அவ்வளவுதான். நேராக டாக்சி பிடித்திருக்கலாம். ஆனால் பரீட்சையில் டாக்சி ஏறுவது காப்பியடிப்பது போலத் தோன்றியது. டவுன்டவுன் பாதையில் பூகிஸ், அங்கே மாறி பாய லேபார். இதய நோயாளிகள் கவனிக்க: பூகிஸில் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு நிலத்தடியில் நீண்ட நடை இருக்கிறது. நகரும் படிகள் இருந்தாலும் நான் பாதியில் சுவரோரம் நின்றுவிட்டேன்.

கோவிலுக்குப் பேருந்து பிடிக்க, பாய லேபாரிலிருந்து கேலாங் சிராய் சந்தை வரை பத்து நிமிட நடை, முக்கால் கிலோமீட்டருக்குள். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் அதை நடந்தது நான் செய்த மடத்தனம். பேருந்து நிறுத்தத்தை அடைந்தபோது கண் இருட்டியது. கால் எங்கேயோ போனது. தடுமாறி இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க மலாய்ப் பெண்மணி, மடியில் காய்கறிப் பை, கையில் குடை. என் முகத்தைப் பார்த்து மலாயில் பேசினார். என்னுடையது சந்தையில் பேரம் பேசிக் கற்ற அரைகுறை மலாய். எனக்குப் புரிந்தபடி தமிழில் தருகிறேன்.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"சாக்கிட் ஹாத்தி, மக்சிக்." மக்சிக் என்றால் அத்தை, பெரியம்மா மாதிரி. சாக்கிட் என்றால் நோய். ஹாத்தி இதயம் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

அவர் நெருங்கி உட்கார்ந்தார். "ஐயோ. ரொம்ப நாளாவா?"

"ரெண்டு வருஷமா. இப்போதான் மோசம்."

"புருஷன் இருக்கானா?"

"வீட்டுல இருக்கார்."

"உன்னை இப்படி ரோட்டுல விட்டுட்டு வீட்டுல உட்கார்ந்திருக்கானா!"

"நான்தான் வர வேண்டாம்னு சொன்னேன்."

"நல்லா சொன்னே! கிடக்கட்டும், பசிச்சா தெரியும்."

எங்கேயோ இடித்தது. இருந்தாலும் தொடர்ந்தேன். "காலையும் ராத்திரியும் மாத்திரை சாப்பிடறேன்."

"நீ ஏன் சாப்பிடறே? அவனுக்குக் குடு!"

விளக்கிவிடலாம் என்று சட்டைக் கழுத்தைச் சற்று விலக்கித் தழும்பைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அவன் செஞ்சதா இது? போலீஸைக் கூப்பிடறேன் பாரு!"

நிறுத்தத்தில் நின்றிருந்த முக்காடு போட்ட இளம்பெண் ஓடி வந்து என்னிடம் ஆங்கிலத்தில் விசாரித்தாள். எனக்கு இதய நோய் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நீங்க சொன்னது வேற லா. இதய நோய்க்கு சாக்கிட் ஜாந்துங்னு சொல்லணும். ஹாத்தின்னா மனசு. உங்க புருஷன் உங்க மனசை உடைச்சுட்டார்னு மக்சிக் நினைச்சுட்டாங்க."

அதை அவருக்கு மலாயில் சொன்னதும் மக்சிக் தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. நடுவில் எங்கோ அது அழுகையாகிவிட்டது. நான் பிறர் முன்னால் அழுகிற ஆள் இல்லை. அறுவை சிகிச்சை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனபோதுகூட அழவில்லை. இங்கே, மூன்று பேருந்துகள் நின்று போகிற இடத்தில், கைப்பையை அணைத்துக்கொண்டு அழுதேன்.

மக்சிக் என்னவோ கேட்டார். அந்தப் பெண் சங்கடத்தோடு மொழிபெயர்த்தாள். "சரி, புருஷனுக்கு இது தெரியுமான்னு கேக்கறாங்க. ஜாந்துங் இல்லை, இந்த ஹாத்தி விஷயம்."

சேகருக்கு எல்லாம் தெரியும். இருபத்தெட்டு சதவீதம் தெரியும், மாத்திரைகளின் பெயரும் அளவும் தெரியும், கருவியின் பேட்டரி எத்தனை வருஷம் வரும் என்பதும் தெரியும். நான் பயந்து செத்துக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும் தெரியாது. எப்படி இருக்கே என்று கேட்கும்போதெல்லாம் நான் ரத்த அழுத்தத்தைத்தான் சொல்லியிருக்கிறேன்.

"தெரியாது" என்றேன்.

தலைசுற்றல் நின்ற பிறகு சேகருக்குப் போன் செய்தேன். "கேலாங் சிராய் சந்தைக்கு எதிர் பஸ் ஸ்டாப்ல இருக்கேன். ஒண்ணும் ஆகலை. பயமா இருக்கு. வாங்க."

"அங்கேயே இரு" என்றார்.

இருபத்தைந்து நிமிடத்தில் டாக்சியில் வந்து இறங்கினார். வீட்டுச் செருப்பு, கசங்கிய சட்டை. மக்சிக் தன் பேருந்தை விட்டுவிட்டுக் காத்திருந்தார். சேகரை மேலும் கீழும் பார்த்து, "இவனா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேருந்தில் ஏறினார். சேகருக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்ததை நான் சொன்னதும் புரிந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

"ஆறு வாரமா ராத்திரி நீ மூச்சு விடறியான்னு கை வச்சுப் பாத்துட்டுப் படுக்கறேன்" என்றார். "நீ பாட்டுக்கு நம்பரா சொல்லிட்டு இருக்கே. நான் பயந்தா உனக்குப் பிடிக்காதுன்னு நினைச்சேன்."

அவர் நன்றாகத் தூங்குகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்காகக் கொஞ்சம் கோபமும் பட்டிருந்தேன்.

காத்தோங்குக்குப் போகவில்லை. சந்தையின் மேல்தளத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, அளவு பார்த்து அரை டம்ளர் தண்ணீர் குடித்தேன். டாக்சியில் வீடு திரும்பப் பதினெட்டு வெள்ளி. என் பரீட்சையின்படி நான் தோற்றுவிட்டேன். பரீட்சையே தப்பு என்று இப்போது தோன்றுவதால் வலைப்பூ திறந்தே இருக்கிறது. பயம் போய்விட்டதா என்றால், இல்லை. இதை எழுதும்போதும் இரண்டு முறை நாடி பார்த்தேன்.

இதே போலக் கிளம்ப நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பதினொரு மணிக்கு மேல் வெயிலில் நடக்காதீர்கள். என் தலைசுற்றலுக்கு மாத்திரையோடு சேர்ந்த வெயில்தான் காரணம் என்று மறுநாள் மருத்துவமனையில் சொன்னார்கள், கருவியின் பதிவில் ஒன்றுமே இல்லையாம். தலை சுற்றினால் உடனே உட்காருங்கள். கருவி உதைத்து உடம்பும் சரியில்லாமல் இருந்தால், அல்லது ஒன்றுக்கு மேல் உதைத்தால், ஆம்புலன்ஸ் எண் 995க்கு அழையுங்கள். நெஞ்சில் கருவி இருப்பதைச் சொல்லும் அட்டையைப் பையில் அடியில் போடாமல் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். போனைச் சட்டையின் இடது பையில் வைக்காதீர்கள். பூகிஸுக்குப் பதில் டாக்சி எடுங்கள், அது காப்பியடிப்பது ஆகாது.

இன்னொன்று. உங்களோடு இருப்பவர் 'எப்படி இருக்கே' என்று தினமும் உங்களைக் கேட்பார். பதில் சொல்லிவிட்டு அதே கேள்வியை அவரிடமும் கேளுங்கள். எனக்கு அது தோன்றவே ஆறு வாரம் ஆயிற்று.