கத்தாம கரை சேத்தேன்

அடியேய் பொண்ணுங்களா, இன்னிக்குக் காசிமேட்டுல நடந்தத உங்ககிட்ட சொல்லாட்டி எனக்குச் சோறு எறங்காது.

காலைல எங்க வூட்டுக்காரரு கட்டுமரம் கரைக்கு வந்துகினு இருந்துச்சு. அவரு கடலுக்குப் போனப்புறம், அலைய தடுக்க கரையோரமா கருங்கல்லு கொட்டிட்டாங்க. அது தண்ணிக்குள்ள மறைஞ்சு கீது. அவரு நேரா அது மேலயே வராரு!

கரையில நின்ன சனமெல்லாம் கத்துது. "வடக்கால போ!"ன்றான் ஒருத்தன். "கல்லு கீது!"ன்றா ஒருத்தி. ரோட்டுல போற டிராம் மணியே அமுங்கிப் போற கூச்சல். அலை எரைச்சல்ல அவருக்கு இன்னா கேக்கும்? ஆசையா கூப்புடுறாங்கன்னு நெனைச்சுகினு கையாட்டிச் சிரிக்கிறாரு!

மீன் விக்கிற என் தொண்டை ராயபுரம் வரைக்கும் கேக்கும். கத்தத்தான் வாயத் தொறந்தேன். சட்டுனு மூடிக்கினேன். வடக்கால ஓடி, கல்லு இல்லாத எடத்துல தனியா நின்னு, கூடைத் துணிய தலைக்கு மேல தூக்கிப் புடிச்சேன்.

துணியப் பாத்து மரம் திரும்புச்சு. என் காலாண்ட வந்து நின்னுச்சு!

எறங்குனவரு கேக்குறாரு: "ஊரே கத்துது, நீ மட்டும் ஏன் வாய மூடிக்கினு நின்ன?"

"அதனாலதான்யா நீ உசுரோட கீற!"

குப்பமே சிரிச்சுச்சு.

இதே மாதிரி, வாயத் தொறக்காம புருசங்கிட்ட சண்டை போட வழி தெரிஞ்சவ யாராச்சும் இருந்தா சொல்லுங்கடி.