நாற்பது வெற்றுக் கட்டங்கள்

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த வெல்ஷ்காரர் அதுவரை பதினேழு இசைப் படைப்புகள் எழுதியிருந்தார். மேடை ஏறியவை நான்கு. இதை அவர் சொல்லவில்லை. அவர் அலமாரியில் இருந்த கட்டுகளை நான்தான் எண்ணினேன். எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. அவர் வீட்டுக்கு இறங்கும் படிகள் பதினான்கு. பனிக்காலத்தில் அவற்றில் மூன்று வழுக்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மொன்ட்ரியால் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்தோம். நான் வேளாண் வளாகத்தில் வடிகால் பொறியியல் கற்பித்தேன். அவர் அருகிலிருந்த கல்லூரியில் இசை கற்பித்தார். வேல்சில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். தேவாலயப் பாடகர் குழுவில் தொடங்கி, உதவித்தொகையில் படித்து, வேலை தேடிக் கடல் கடந்தவர். நான் எதற்காக வந்தேனோ அதற்காகவே அவரும் வந்திருந்தார். ஆனால் எனக்கு வேலை கிடைத்ததும் கவலை ஓரளவு தீர்ந்தது. அவருக்குத் தீரவில்லை. அலமாரியில் பதின்மூன்று கட்டுகள் ஒலிக்காமல் கிடந்தன.

பதினெட்டாவதாக ஒரு பெரிய படைப்பு எழுதினார். நகரத்து வாத்தியக் குழு ஒன்று அதை வாசிக்க ஒப்புக்கொண்டது. லண்டனிலிருந்து இசைப் பதிப்பகத்தார் ஒருவர் கேட்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் பதினெட்டும் அச்சேறும். பிடிக்காவிட்டால் அலமாரிதான். நாற்பத்தாறு வயதில் இன்னொரு வாய்ப்பு வரும் என்று வெல்ஷ்காரர் நம்பவில்லை.

அந்தக் காலத்தில் வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியைக் கையால் தனித்தனியே படி எடுக்க வேண்டும். வழக்கமாகப் படி எடுப்பவர் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். என் வரைபடங்களின் எழுத்தழகைப் பார்த்திருந்த வெல்ஷ்காரர் மேலே ஏறி வந்தார்.

"எஞ்சினியர், உங்களுக்குச் சுரம் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. புள்ளி இருக்கும் இடத்தில் புள்ளி வைத்தால் போதும். மற்றதெல்லாம் எண்ணிக்கை."

எண்ணிக்கை என்றதும் நான் சம்மதித்துவிட்டேன்.

மொத்தம் ஐம்பத்து நான்கு தாள்கட்டுகள். அவருடைய மூலப்படியில் இசை சிறுசிறு கட்டங்களாகப் பிரிந்திருந்தது. எல்லாமாக நானூற்றுப் பன்னிரண்டு. ஒருவர் வாசிக்காமல் காத்திருக்கும் கட்டங்களை ஒவ்வொன்றாக எழுதுவதில்லை. தடித்த கோடு ஒன்று போட்டு, மேலே எண்ணை எழுதிவிடுவார்கள். வாசிப்பவர் மனத்துக்குள் எண்ணிக்கொண்டு காத்திருப்பார்.

படைப்பின் நடுவில் அப்படி ஒரு காத்திருப்பு வந்தது. நாற்பது கட்டங்களுக்குப் பெரிய வயலின்கள் ஒரே ஒரு தாழ்ந்த சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். மற்ற எல்லோரும் மௌனம். பிறகு அந்தச் சுரம் நிற்கும். அதே நொடியில் ஹார்ன் என்ற பித்தளை வாத்தியம் தனியாகத் தொடங்கும்.

"என் ஊரில் சுரங்கத்துக்குள் ஏதாவது நடந்தால் பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள்," என்றார். "யாரும் பேச மாட்டார்கள். ஆட்களைத் தூக்கி வரும் கூண்டு மேலே வரும்வரை அப்படித்தான். என் அம்மாவும் நின்றிருக்கிறாள். இந்த நாற்பதுக்காகத்தான் மற்ற முந்நூற்றுச் சொச்சத்தையும் எழுதினேன்."

முந்நூற்று எழுபத்திரண்டு என்று நான் திருத்தினேன். சிரித்தார்.

ஹார்ன் தாளுக்கு அந்த வெற்றுக் கட்டங்களை எண்ணியபோது, என்னை அறியாமல் என் கை தொடையில் ஆதி தாளம் போட்டது. எட்டெட்டாக ஐந்து ஆவர்த்தனம். ஐந்தும் முடிந்ததும் கை தானாக அடுத்த சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், வந்து தட்டியது. சபாவில் உட்கார்ந்து தாளம் போட்டுப் பழகிய எவனுக்கும் அந்தத் தட்டு விழாமல் கணக்கு முடிந்ததாகத் தோன்றாது. நாற்பத்தொன்று என்று எழுதினேன். அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

ஒத்திகைக்கு முந்தின நாள் மாலை, கட்டுகளை என் மனைவி சரிபார்த்தாள். வீணை படித்தவள். ஒவ்வொரு தாளிலும் உள்ள எண்களைக் கூட்டி நானூற்றுப் பன்னிரண்டு வருகிறதா என்று பார்ப்பது அவள் வேலை.

"ஏங்க, ஹார்னுக்கு மட்டும் நானூத்திப் பதிமூணு வருது."

"வராது."

"வருதுங்கிறேன்."

"நீ வீணைக்காரி. விழுற தட்டையும் சேத்து எண்ணியிருப்பே. வெள்ளைக்காரன் கணக்குல அதெல்லாம் கெடையாது."

"நான் வெரல்ல எண்ணலை. பென்சில்ல கூட்டினேன்."

"அப்ப பென்சில சீவிட்டு மறுபடி கூட்டு."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "காலேஜ் வாத்தியாருக்குத் தப்பே வராது, பாவம்," என்று சொல்லி, தாளை என் முன்னால் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நான் அதைத் திறக்கவில்லை. வாழ்நாளெல்லாம் எண்ணியவன், அந்த ஒரு கூட்டலைப் போடவில்லை. மற்ற கட்டுகளோடு சேர்த்து நாடா போட்டுக் கட்டினேன்.

மறுநாள் காலை மூவரும் ரயிலில் நகரத்துக்குப் போனோம். வெல்ஷ்காரர் கையுறையைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். ஆறு தடவை. ஒத்திகையில் அவர் படைப்புக்கு ஒதுக்கிய நேரம் ஐம்பது நிமிடம்.

முதல் பாதி நன்றாகவே போனது. பிறகு அந்தத் தாழ்ந்த சுரம் தொடங்கியது. என் மனைவி மடியில் விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்தேன். நாற்பது முடிந்தது. சுரம் நின்றது. ஹார்ன் வரவில்லை. அரங்கில் ஒன்றுமே இல்லை. யாரோ ஒருவர் சிரித்தார். அதற்குப் பிறகு ஹார்ன் வந்தது.

வாத்தியக் குழுவின் நடத்துநர் நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடியும் அதே ஓட்டை. ஹார்ன் வாசித்த கியூபெக் பெண் எழுந்து, "என் தாளில் நாற்பத்தொன்று, மெஸ்யே. வந்து பாருங்கள்," என்றாள்.

நடத்துநர் தாளை வாங்கிப் பார்த்தார். "இதை யார் படி எடுத்தது?"

முன் வரிசையிலிருந்து வெல்ஷ்காரர் எழுந்தார்.

"நான்தான். தவறு என்னுடையது."

"இதில் ஒன்று என்றால் மற்றவற்றில் எத்தனையோ?" என்றார் நடத்துநர். எல்லாத் தாள்களையும் மூலத்தோடு ஒப்பிடச் சொன்னார். நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு நிமிடம் அதிலேயே போனது. ஐம்பத்து நான்கு கட்டுகளிலும் வேறு ஒரு பிழை இல்லை. ஆனால் மிச்சமிருந்த நேரத்தில் பின்பாதியை ஒருமுறைகூட முழுதாக வாசிக்க முடியவில்லை. ஒத்திகை இல்லாததை மேடையேற்ற மாட்டேன் என்று சொல்லி நடத்துநர் மூலப்படியை மூடிவிட்டார். கச்சேரியில் அதற்குப் பதிலாக எல்லோருக்கும் தெரிந்த பழையது ஒன்றை வாசித்தார்கள். லண்டன்காரர் அதைக் கேட்டுக் கை தட்டிவிட்டு ஊருக்குப் போனார்.

ரயிலில் திரும்பும்போது வெல்ஷ்காரர் என் தோளில் கை வைத்தார். "எண்ணிக்கை தவறாத மனிதன் உண்டா, எஞ்சினியர்?" என்றார். தெரியாமல் நடந்த பிழை என்றே நினைத்திருந்தார். முந்தின மாலை அது என் முன்னால் எடுத்து வைக்கப்பட்டது என்பதைச் சொல்ல வாய் திறந்தேன். எதிர் இருக்கையில் என் மனைவி ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. இரண்டு நிலையங்கள் தாண்டின. சொல்லவில்லை.

அடுத்த ஆண்டே அவர் வேல்சுக்குத் திரும்பிவிட்டார். பள்ளி ஒன்றில் வேலை. தேவாலயக் குழுக்களுக்குச் சின்னச் சின்னப் பாட்டுகள் எழுதுவதாகக் கிறிஸ்துமஸ் அட்டைகளில் எழுதுவார். ஐந்து அட்டைகள் வந்தன. ஆறாவது ஆண்டு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு கேசட். பதினெட்டாவது படைப்பை அவர் ஊர்க் குழு வாசித்திருக்கிறது. சிறிது திருத்தியிருக்கிறேன் என்று ஒரு வரி.

இருவரும் உட்கார்ந்து கேட்டோம். முன்பாதியின் எண்ணிக்கை எனக்கு மனப்பாடம். பெரிய வயலின்களின் தாழ்ந்த சுரம் வரும் இடத்துக்காக என் கை தயாராகத் தொடைக்கு மேல் நின்றது. அந்த இடம் வந்தது. ஹார்ன் உடனே தொடங்கிவிட்டது.

நாற்பது கட்டங்களும் இல்லை. அந்தப் பெண்கள் எவரும் வாசலில் நிற்கவில்லை.

கேசட் முடிந்து சுழல்வது நின்ற பிறகும் என் கை அப்படியே இருந்தது. மனைவி அதை எடுத்துக் கீழே வைத்தாள்.

"இப்பவாவது எழுதுங்க அவருக்கு," என்றாள்.

எழுதினேன். ஒன்பது வரிகள். "என் மனைவி முந்தின நாளே சொன்னாள்; நான் பார்க்க மறுத்தேன். அந்த நாற்பதைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள்" என்பது அதன் சாரம். அவள் வாங்கிப் படித்தாள். பிறகு, நான் கேட்காமலே, வரிகளை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு உறையில் போட்டாள்.